வசந்த காலத்தில் கண்களைக் காப்போம்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் பிப்ரவரி மாதக் கூட்டத்தில், நம் குடியிருப்பிலேயே வசிக்கும் கண் மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களின் வேண்டுகோளுக்கு இணங்க வெளியிடுகிறோம். இறுதியில் உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும் உள்ளன.)



கோடையில் கண் பாதுகாப்பு பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டார். கோடை வரும்வரை காத்திருக்க வேண்டாம், பங்குனி பிறப்பதற்கு முன்பே பேசிவிடலாம் என்று நான் சொன்னேன். பஞ்சாங்கப்படி இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். ஆனால் கண்ணுக்கு அது மாசிக் கடைசியிலேயே ஆரம்பித்துவிடுகிறது. பனி விலகி, காற்று காய்ந்து, வெயில் ஏறுகிறது. வேம்பும் புங்கையும் இலை உதிர்த்துத் துளிர்க்கின்றன, மாமரம் பூத்து முடிகிறது. அந்த நாட்களில்தான் எங்கள் புறநோயாளிப் பிரிவில் கண்ணைக் கசக்கிக்கொண்டே வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடும்.

இன்று நான் பல விஷயங்கள் சொல்லப் போகிறேன். மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இரண்டை மட்டும் வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். கண் அரித்தால் கசக்கக் கூடாது. மருந்துக் கடையில் நீங்களாகவே சொட்டு மருந்து வாங்கி ஊற்றக் கூடாது.

வசந்த காலக் கண் ஒவ்வாமை

குழந்தைகளுக்கு வரும் ஒரு கண் நோய்க்கு மருத்துவத்தில் வசந்தத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். பழைய மருத்துவர்கள் 'ஸ்பிரிங் கேட்டார்' என்பார்கள். இப்போது 'விகேசி' என்று சுருக்கமாகச் சொல்கிறோம். குளிர் நாடுகளில் வசந்தம் வந்ததும் இது தலைகாட்டும் என்பதால் அந்தப் பெயர். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில்தான் இது இன்னும் அதிகம். இங்கே வருடம் முழுவதும் லேசாக இருந்துகொண்டு, பங்குனி சித்திரையில் உக்கிரமாகும் பிள்ளைகளும் உண்டு.

பெரும்பாலும் ஐந்து வயதுக்கு மேல் தொடங்கும். பெண் குழந்தைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு அதிகம் வரும். ஆஸ்துமா, மூக்கொழுகல், தோல் அரிப்பு உள்ள குடும்பங்களில் வாய்ப்பு கூடுதல். அடையாளங்கள் இவை: இரண்டு கண்ணிலும் தாங்க முடியாத அரிப்பு, நூல் நூலாக இழுக்க வரும் வெள்ளை அழுக்கு, வெளிச்சத்தைப் பார்த்தால் கூச்சம், கண்ணின் வெள்ளையில் ஒரு பழுப்பு நிறம். மேல் இமையைத் திருப்பிப் பார்த்தால், வழவழப்பாக இருக்க வேண்டிய உட்புறம் கூழாங்கல் பதித்த தரைபோல மேடு மேடாக இருக்கும். மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது என்று பிள்ளை சொல்வது அதனால்தான். நோய் முற்றினால் அந்த மேடுகள் உராய்ந்து கருவிழியிலேயே புண் வந்துவிடும்.

இது ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல. அந்தப் பிள்ளையோடு மற்ற பிள்ளைகள் விளையாடலாம், பக்கத்தில் உட்காரலாம். இன்னொரு நல்ல செய்தி, பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பருவ வயதைத் தாண்டும்போது இது தானாகவே அடங்கிவிடும். வளர்ந்த பிறகு, சின்ன வயதில் அப்படி ஒரு தொல்லை இருந்தது என்று சொல்லிச் சிரிப்பார்கள். அந்த நாள் வரை கண்ணைச் சேதமில்லாமல் கொண்டு சேர்ப்பதுதான் பெற்றோரின் வேலை, எங்கள் வேலையும் அதுதான். சேதம் இரண்டு வழியில் வருகிறது.

முதல் சேதம்: கசக்குதல்

கண்ணின் முன்பக்கம் கைக்கடிகாரக் கண்ணாடிபோல ஒரு தெளிவான படலம் இருக்கிறது. கார்னியா என்கிறோம். அதன் நடுப்பகுதியின் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். அரிக்கும்போது பிள்ளைகள் விரல் முட்டியை வைத்து மாவு பிசைவதுபோல அழுத்துகிறார்கள். நாளைக்குப் பல தடவை, வருடக்கணக்கில் இப்படி நடந்தால், சில பிள்ளைகளுக்கு அந்தப் படலம் மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் பிதுங்கிவிடும். 'கெரட்டோகோனஸ்' என்பது இதுதான். பார்வை கோணலாகும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கண்ணாடியின் சிலிண்டர் பவர் மாறிக்கொண்டே இருக்கும். கண்ணாடிக் கடையில் மட்டும் பார்த்துப் பவரை மாற்றிக்கொண்டே போனால் இது பிடிபடாது. கார்னியாவின் வளைவைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆரம்பத்திலேயே தெரிந்தால், ரைபோஃபிளேவின் என்ற வைட்டமின் சொட்டும் புற ஊதாக் கதிரும் கொண்டு படலத்தை இறுகச் செய்து, மேலும் பிதுங்காமல் நிறுத்த முடியும். முற்றிவிட்டால் தானமாக வந்த கண்ணிலிருந்து கார்னியா எடுத்துப் பொருத்துகிற நிலைக்குப் போகலாம்.

கசக்கினால் அரிப்பு அடங்குகிறதே என்று கேட்பீர்கள். ஒரு நிமிடம் அடங்கும். ஆனால் அரிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள் இமைக்குள் இருக்கும் செல்களில்தான் அடைபட்டிருக்கிறது. அழுத்தும்போது அந்தச் செல்கள் உடைந்து இன்னும் வெளியே கொட்டும். ஐந்து நிமிடத்தில் அரிப்பு இரட்டிப்பாகத் திரும்பி வரும்.

பிள்ளையைக் 'கசக்காதே' என்று அதட்டினால் மட்டும் போதாது, அவனுக்கு வேறு ஒரு வழி கொடுக்க வேண்டும். சுத்தமான கைக்குட்டையைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண்மேல் ஐந்து நிமிடம் வைக்கச் சொல்லுங்கள். குளிர்ச்சி அரிப்பை நன்றாகக் குறைக்கும். மருத்துவர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து குளிர்ச்சியில் வைக்கக்கூடியதாக இருந்தால், குளிர்சாதனப் பெட்டியின் கதவுப் பக்கம் வைத்துப் போட்டால் இதமாக இருக்கும். உறைய விடக் கூடாது.

இரண்டாவது சேதம்: கடைச் சொட்டு மருந்து

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தகப்பனார் தன் 14 வயதுப் பையனை அழைத்து வந்தார். பள்ளியில் பக்கத்தில் வருகிறவர்கள் மேல் இடித்துக்கொள்கிறான், கண்ணாடி போட வேண்டுமா என்று பாருங்கள் என்றார். பையனுக்குக் கண் வலி இல்லை, சிவப்பு இல்லை. கண் அழுத்தத்தைப் பார்த்தோம். 10 முதல் 21 வரை இருக்க வேண்டியது, 38 இருந்தது. பார்வைப் புலத்தைச் சோதித்ததில், வலது கண்ணில் நடுப்பகுதி மட்டும் மிச்சம். ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோலத்தான் அவன் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. மூன்று வருடத்துக்கு முன்பு கண் அரிப்புக்காக ஒரு மருத்துவர் இரண்டு வாரத்துக்கு மட்டும் ஒரு சொட்டு மருந்து எழுதியிருக்கிறார். போட்ட மறுநாளே கண் பளிச்சென்று ஆகிவிட்டது. 'நல்ல மருந்து' என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு அரிக்கும்போதெல்லாம் காலி புட்டியைக் கடையில் காட்டி, அதே மருந்தை வாங்கிப் போட்டிருக்கிறார்கள். அது ஸ்டீராய்டு மருந்து. அந்தப் பையனுக்கு அழுத்தத்தை இறக்கினோம், அறுவை சிகிச்சையும் தேவைப்பட்டது. மிச்சமிருந்த பார்வையைக் காப்பாற்றினோம். போனது வரவில்லை. பதினெட்டு வயதில் தானாகப் போயிருக்கக்கூடிய அரிப்பு அது.

அந்தப் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை துடிக்கும்போது கைக்கு எட்டியதைச் செய்தார்கள். ஸ்டீராய்டு மருந்தின் ஆபத்தே அதன் உடனடி நிவாரணத்தில் இருக்கிறது. நாங்களும் தேவைப்படும்போது அதை எழுதுகிறோம். குறைந்த நாளுக்கு எழுதி, அழுத்தத்தை அளந்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்துவோம். அந்தக் கண்காணிப்பு இல்லாமல் தொடர்ந்து போட்டால், கண்ணுக்குள் நீர் வடியும் பாதை அடைபட்டு அழுத்தம் ஏறும். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு சொட்டு போட்டுக்கொள்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஓரளவு அழுத்தம் ஏறும், சிலருக்கு மிக அதிகமாக ஏறும். யாருக்கு ஏறும் என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருக்காது. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் உண்டு. அழுத்தத்தில் அவை ஒவ்வொன்றாகச் சாகும். வலிக்காது. ஓரத்துப் பார்வை முதலில் போவதால் பிள்ளைக்கும் தெரியாது. இதுதான் கிளாகோமா. இதே மருந்து சின்ன வயதிலேயே கண்புரையையும் வரவழைக்கும். கண்ணில் பூஞ்சை அல்லது ஹெர்ப்பிஸ் கிருமி இருந்தால் அதை வளர்த்தும் விடும்.

வீட்டில் இருக்கும் புட்டியை இன்றே எடுத்துப் பாருங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், ஃபுளோரோமெத்தோலோன், லோட்டெப்ரெட்னால் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. பல சமயம் ஒரு ஆன்டிபயாடிக்கோடு சேர்ந்தே வரும், அதனால் அட்டையில் முதல் பெயரை மட்டும் பார்த்தால் தெரியாது, முழுவதும் படிக்க வேண்டும். இவை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. சீட்டு கேட்கும் கடைக்காரரிடம் கோபப்படாதீர்கள், அவர் உங்கள் பிள்ளைக்கு நல்லது செய்கிறார்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால், பயந்து திடீரென்று நிறுத்த வேண்டாம். ஒரு வாரம் தள்ளிப்போடாமல் கண் மருத்துவரிடம் போய் 'இந்த மருந்தை இத்தனை நாளாகப் போடுகிறோம், அழுத்தம் பாருங்கள்' என்று சொல்லுங்கள். அரிப்புக்கு ஸ்டீராய்டு இல்லாத மருந்துகள் இருக்கின்றன. ஒலோபடடின் போன்றவை நீண்ட நாள் போடக் கூடியவை. கடுமையான நோய்க்கு சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் மருந்துகள் உண்டு. எது, எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

எல்லாச் சிவப்பும் ஒன்றல்ல

கண் சிவந்தாலே 'மெட்ராஸ் ஐ' என்று சொல்லிவிடுகிறோம். வித்தியாசம் தெரிந்துகொள்வது சுலபம். அரிப்புதான் முக்கியத் தொல்லை, இரண்டு கண்ணிலும் இருக்கிறது, வருடா வருடம் வருகிறது என்றால் ஒவ்வாமை. முதலில் ஒரு கண்ணில் ஆரம்பித்து, இரண்டு மூன்று நாளில் மறு கண்ணுக்கும் பரவி, தண்ணீராகக் கொட்டி, காலையில் இமை ஒட்டிக்கொண்டு, வீட்டில் இன்னொருவருக்கும் வந்தால் மெட்ராஸ் ஐ. அதற்குத் தனித் துண்டு, தனித் தலையணை உறை வேண்டும், அடிக்கடி கை கழுவ வேண்டும், பள்ளிக்கு விடுப்பு எடுக்க வேண்டும்.

மூன்றாவது வகைதான் அவசரம். வலி, பார்வை மங்கல், கண்ணைத் திறக்க முடியாத கூச்சம், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். செலவைப் பற்றித் தயங்குகிறவர்களுக்கு, எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. 1819-ல் தொடங்கியது, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. நம் வீட்டில் வேலை செய்யும் அம்மாக்களுக்கும் காவலாளிகளுக்கும் இதைச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்யக் கூடியவை

வெளியே போகும்போது பிள்ளைக்கு விளிம்பு வைத்த தொப்பி போடுங்கள். குளிர்கண்ணாடி வாங்கினால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும், 'யுவி 400' என்று குறித்ததாக வாங்குங்கள். கறுப்பாக மட்டும் இருந்து கதிரைத் தடுக்காத கண்ணாடி நல்லதல்ல. இருட்டில் பாப்பா விரிந்து, கதிர் கூடுதலாக உள்ளே போகும். இரு சக்கர வாகனத்தில் தலைக்கவசத்தின் முகக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள். மாலையில் கண்ணில் விழும் பூச்சிக்கும் லாரிப் புழுதிக்கும் அதுவே போதும்.

விளையாடிவிட்டு வந்ததும் கை, முகம் கழுவட்டும். தலையணை உறையை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். மெத்தையில் இருக்கும் தூசிப் பூச்சி ஒவ்வாமைக்குப் பெரிய காரணம். மின்விசிறியும் ஏசியும் நேராக முகத்தில் அடிக்க வேண்டாம், கண் காய்ந்து எரியும். கணினி, கைபேசி பார்க்கும்போது நாம் இமைப்பதே பாதிக்கும் கீழே குறைகிறது. 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தள்ளி இருக்கும் ஒரு பொருளை, 20 விநாடி பாருங்கள். மாடியிலிருந்து தெருமுனை மரத்தைப் பார்த்தாலே போதும்.

ஹோலி வருகிறது. நம் குடியிருப்பில் இப்போது எல்லோரும் சேர்ந்து கொண்டாடுகிறோம், நல்ல விஷயம். சாயப்பொடி கண்ணில் விழுந்தால் தேய்க்காமல், குழாயைத் திறந்து குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு தெறித்தாலும் இதே முதலுதவிதான், அதன்பின் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். சுண்ணாம்புப் பொட்டலம் பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது.

சங்கம் செய்யக் கூடியவை

இது குடியிருப்போர் சங்கம் என்பதால் சில கோரிக்கைகள். பங்குனியில் உதிரும் சருகைக் கூட்டி எரிப்பதை நிறுத்துங்கள். அந்தப் புகை ஒவ்வாமைக் கண்ணில் மிளகாய்ப்பொடி போல. குழி வெட்டி உரமாக்கலாம். கூட்டுவதற்கு முன்பு தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். பின்பக்கக் காலி மனையில் வளர்ந்திருக்கும் பார்த்தீனியச் செடியைப் பூப்பதற்கு முன் கையுறை போட்டுப் பிடுங்க ஏற்பாடு செய்யுங்கள். வீடு புதுப்பிக்கிறவர்கள் பச்சை வலை கட்டி, மணலை மூடி வைக்கட்டும். புல் வெட்டும் இயந்திரம் பிடிக்கும் தோட்டக்காரருக்கு ஒரு பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். தெறிக்கும் ஒரு சிறு கல் கண்ணையே துளைத்துவிடும்.

மரங்களை வெட்ட வேண்டும் என்று கடந்த கூட்டத்தில் ஒரு யோசனை வந்ததாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து வேண்டாம். கொன்றை, குல்மோகர் போன்று கண்ணுக்குத் தெரியும்படி பூக்கும் மரங்களின் மகரந்தம் பிசுபிசுப்பானது, தேனீ சுமந்து போவது, அதிகம் காற்றில் பறக்காது. தொல்லை கொடுப்பவை பெரும்பாலும் புல், களை ஆகியவற்றின் கண்ணுக்குத் தெரியாத மகரந்தமும், தெருப்புழுதியும், வெயிலும்தான். மரத்தை வெட்டினால் புழுதியும் வெயிலும் கூடும்.

கேள்வி – பதில்

கண்ணில் தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு விடலாமா? எங்கள் காலத்தில் விட்டோமே, மாமி?

விட்டோம், பலருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனவர்களை நாங்கள் மருத்துவமனையில் பார்க்கிறோம். கண்ணுக்குள் எதையும் விட வேண்டாம். கழுவிய நந்தியாவட்டைப் பூவை மூடிய இமைமேல் வைத்துக்கொள்வதில் தப்பில்லை, குளிர்ச்சிதான்.

பன்னீர் விடலாமா?

வேண்டாம். கடையில் விற்கும் பன்னீர் கண்ணுக்காகக் கிருமி நீக்கித் தயாரித்தது அல்ல.

சொட்டு மருந்தை எப்படிப் போடுவது? என் பேரன் தலையை ஆட்டிவிடுகிறான்.

படுக்க வைத்து, கண்ணை மூடச் சொல்லி, மூக்கோரக் குழியில் ஒரு சொட்டு விடுங்கள். பிறகு கண்ணைத் திறந்தால் உள்ளே ஓடிவிடும். பெரியவர்கள் கீழ் இமையை இழுத்து ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடி, மூக்கோரம் ஒரு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். இரண்டு மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிட இடைவெளி வேண்டும். புட்டியின் முனை கண்ணில் படக் கூடாது. திறந்து ஒரு மாதம் ஆனால் பொதுவாக எறிந்துவிட வேண்டும்.

விடுமுறையில் பிள்ளைகளை நீச்சலுக்கு அனுப்பலாமா?

தாராளமாக அனுப்புங்கள். நீச்சல் கண்ணாடி போடட்டும். கண் சிவந்திருக்கும் நாட்களில் மட்டும் வேண்டாம். காண்டாக்ட் லென்ஸோடு யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது.

எனக்கு 60 வயது. கண் அரிக்கிறது. எனக்கும் இந்த நோயா?

இந்த வயதில் கண் வறட்சி, இமை ஓர அழற்சி, இவைதான் அதிகம். உங்களுக்கும் அதே விதிதான்: கடையில் வாங்கிப் போடாதீர்கள். பரிசோதனைக்குப் போகும்போது கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். 40 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் இது அவசியம்.

நேரமாகிவிட்டது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக மருந்துப் பெட்டியைத் திறந்து, பழைய கண் சொட்டுப் புட்டிகளை வெளியே எடுங்கள். சந்தேகம் இருந்தால் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள், பெயரைப் படித்துச் சொல்கிறேன். அதற்குக் கட்டணம் கிடையாது.